மோட்டார் தண்ணீரில் போட்ட காபி

என் செல்ல மகனுக்கு,

இதை லேபில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே வெந்நீர்த் தொட்டியில் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. அவை தெளிவதற்கு நேரம் பிடிக்கும், அதுவரை எனக்கு வேலை இல்லை. வீட்டில் எழுதலாம் என்று பார்த்தால் நீ விடமாட்டாய். பின்னால் வந்து நின்று, "இன்னாம்மா, மளிகை லிஸ்டா?" என்று பிடுங்குவாய். பந்தல்காரர்கள் வேறு காலையிலேயே வந்து வாசலை அடைத்துக்கொண்டு மூங்கிலை இறக்கினார்கள். உன் அப்பா அவர்களுக்கு யோசனை சொல்லிச் சொல்லி அவர்களை வேலை செய்யவிடாமல் வைத்திருக்கிறார். கல்யாண வீட்டில் நிம்மதியான இடம் தேடினால் கும்மிடிப்பூண்டியில் இந்தக் கெமிக்கல் யூனிட்தான் கிடைக்கிறது.

உன் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. நிறுத்தப் பார்த்தவள் நான். அது உனக்கும் தெரியும். ஆனால் ஏன் மனசு மாறினேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி மாறிவிடுவேனோ என்ற பயம். புத்திசாலிதான். இனி மாற வழியில்லை, பத்திரிகை ஊரெல்லாம் போய்விட்டது. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் வேலை விட்டு வந்ததும் ஓடிவந்து கட்டிக்கொள்வாய், அடுத்த நொடியே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாய். "அம்மா மேல பெயிண்ட் நாத்தம், குளிச்சிட்டு வா" என்பாய். பூமிக்கடியிலிருந்து வரும் கச்சா எண்ணெய் எண்ணெயாக மட்டும் வராது, தண்ணீரும் கலந்து பழுப்பு நிறக் கூழாக வரும். அதில் சில சொட்டு மருந்து விட்டால்தான் தண்ணீர் பிரிந்து அடியில் இறங்கும். அந்த மருந்தைத்தான் எங்கள் யூனிட்டில் செய்கிறோம். நீ மூக்கைப் பொத்திய நாற்றம் அந்த மருந்தைக் கரைத்து வைக்கும் பெட்ரோலியத் திரவத்தின் நாற்றம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. எனக்கு அடிக்கடி தலைவலி வரும், அதுவும் உனக்குத் தெரியும். நான் சொல்லாதது ஒன்று உண்டு. பெற்ற பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்து ஒவ்வொரு சாயங்காலமும் எனக்கு வயிறு எரியும்.

அதனால்தான் செடிகொடியிலிருந்து எடுத்த பொருளிலேயே இந்த மருந்தைச் செய்ய முடியுமா என்று முதலாளி கேட்டபோது நான் முந்திக்கொண்டு கை தூக்கினேன். வெளிநாட்டுக்காரர்கள் பச்சைக் கெமிக்கல் பச்சைக் கெமிக்கல் என்று பேச ஆரம்பித்திருந்த நேரம் அது. அவருக்கு வியாபாரம் கண்ணில் தெரிந்தது. எனக்கு நீ தெரிந்தாய். அதற்குள் நீ மீசை முளைத்து அம்பத்தூருக்கு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாய், கட்டிக்கொள்வதை எப்போதோ நிறுத்திவிட்டாய், அது வேறு விஷயம்.

முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய்தான் மூலப்பொருள். கையில் பட்டால் கொப்புளம் போட்டுவிடும் முரட்டு எண்ணெய். "அம்மா கையில இன்னா கறுப்பு கறுப்பா" என்று கேட்டாயே, அதுதான். அதைக் காய்ச்சி வடித்து, தண்ணீரோடு ஒட்டக்கூடிய ஒரு வாலை அதில் கோத்து, கரைக்கிற திரவத்தையும் தாவர எண்ணெயிலிருந்து வந்ததாக மாற்றினோம். நாற்றம் போயே போய்விட்டது. பாட்டிலில் எண்ணெய்க் கூழை ஊற்றி, மருந்து விட்டு, உள்ளங்கையில் தட்டிக் குலுக்கி, வெந்நீரில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் பளிங்கு மாதிரி அடியில் இறங்கியது. மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்டது போல் ஒரு கோடு. அன்று சாயங்காலம் வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கி வந்தேன், நினைவிருக்கிறதா? பாதிக்கு மேல் தின்றது நீ.

அந்த மருந்து டிரம் டிரம்மாக அஸ்ஸாமுக்குப் போனது. ஓர் எண்ணெய்க் கிணற்றில் சோதனை போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் பிரியவில்லை. கூழ் கூழாகவே நின்றது. முதலாளி ஆந்திரா எல்லையில் தடா பக்கத்துக்காரர், கோபம் வந்தால் பாதித் தெலுங்கு ஆகிவிடுவார். அன்று தெலுங்கே வரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மெதுவாகச் சொன்னார்: "இன்னாம்மா, அசாம்காரன் போன் மேல போன் போட்டு பேஜாரு பண்றான். இன்னொரு தபா பாருங்க. இல்லன்னா பழைய மருந்துக்கே பூடலாம். முந்திரிக்கொட்ட வேணாம் நமக்கு." பழைய மருந்து என்றால் பழைய நாற்றம். நான் ரிடையர் ஆகும்வரை அதே தலைவலி. நானோ லேபில் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் பளிங்குத் தண்ணீர்தான் இறங்குகிறது. இங்கே வேலை செய்கிற மருந்து அங்கே ஏன் செய்யவில்லை என்று மண்டை காய்ந்துபோய்க் கிடந்தேன்.

அந்த வாரத்தில்தான் ரேவதி வீட்டார் வந்தார்கள். செவ்வாப்பேட்டையில் ரேவதியைப் பெண் பார்க்கப் போன அன்றே நீ கவிழ்ந்துவிட்டாய். வரும் வழியெல்லாம் ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாய், வெளியில் ஒன்றுமே இல்லை. அடுத்து அவர்கள் மீஞ்சூருக்கு நம் வீட்டைப் பார்க்க வர வேண்டும், முறைப்படி பெரியவர்கள் மட்டும். ஆனால் அவர்கள் சிறுவாபுரிக்குக் குடும்பத்தோடு சாமி கும்பிட வந்தவர்கள், புதுவாயலில் நின்று, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அப்படியே மாப்பிள்ளை வீட்டையும் பார்த்துவிடலாம் என்று போன் போட்டார்கள். பெண்ணும் கூடவே இருந்தாள். அவளை மட்டும் புதுவாயல் ஸ்வீட் கடையிலா விட்டுவிட்டு வருவார்கள்?

திடீரென்று வந்து நின்றால் என்ன செய்வது? உன் பொன்னேரி அத்தை அன்று நம் வீட்டில் இருந்தாள். அவள் கேசரி கிளற, நான் காபி போட்டேன். கேன் தண்ணீர் குடிக்க மட்டும்தானே நம் வீட்டில். சோறு, குழம்பு, காபி எல்லாம் போர்வெல் மோட்டார் தண்ணீரில்தான். எப்போதும் போடுவது போலவே போட்டேன். எல்லாருக்கும் கொடுத்தேன். அவள் அப்பாவும் அம்மாவும் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்கள். ரேவதி ஒரு வாய் குடித்தாள், டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள், பிறகு கேட்டாள்:

"ஆன்ட்டி, சர்க்கரைக்குப் பதிலா உப்பு போட்டுட்டீங்களா? கரிக்குது."

அவள் அம்மா அவளைத் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். நான் என் டம்ளரை எடுத்துக் குடித்துப் பார்த்தேன். சத்தியமாக எனக்கு உப்புத் தெரியவில்லை. நல்ல காபி. டிகாக்ஷன்கூடக் கெட்டியாக இறங்கியிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றேன். அதற்கு அவள், "பரவால்ல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு முழு டம்ளரையும் கடகடவென்று குடித்து வைத்தாள். பரவாயில்லையாம்! என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் காபியை இவள் மன்னித்துவிட்டாள் என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் வண்டி தெரு முனை திரும்பியதும் அத்தை ஆரம்பித்தாள். "வந்து குந்தினதும் குத்தம் கண்டுபுடிக்குது. ஊட்டுக்குள்ள வந்துட்டா இன்னா இன்னா சொல்லுமோ! நம்ம காலம் பூரா இந்தத் தண்ணியத்தான் குடிச்சிகினு கீறோம், நமக்கு இன்னா ஆய்டுச்சி?" உன் அப்பா, வள்ளூர் மின்நிலையக் கட்டுமான வேலையில் ஆயிரம் பேரைச் சமாளிக்கிற மனுஷர், அக்காவைச் சமாளிக்க முடியாமல், "சின்னப் பொண்ணு, விடுக்கா" என்று முனகிவிட்டு ஸ்டூலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். நான் சொன்னேன், இது நமக்குச் சரிப்படாது என்று. ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டு வெள்ளிக்கிழமை சொல்லி அனுப்பிவிடலாம் என்று அத்தை வழியும் காட்டினாள். நீ செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாய்: "அவ சொன்னது நெஜமா இல்லியான்னு இங்க யாருமே பாக்கலியேம்மா?" கேட்டுவிட்டுப் போய்விட்டாய். பெண்டாட்டி வருவதற்கு முன்னாலேயே பெண்டாட்டி பக்கம் சாய்கிறான் பார் என்று அதற்கும் உன்னைத் திட்டினேன்.

இரு, பாட்டில்களைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்த்தேன். இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் கலங்கல். சொல்கிறேன் கேள்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தேன். அஸ்ஸாமிலிருந்து வந்த கச்சா எண்ணெய்க் கேனைத் திறந்தேன். லாரியில் குலுங்கி வருவதற்குள் அதிலிருக்கும் தண்ணீரில் பாதி பிரிந்துவிடும். அதனால் இங்கே குழாயைத் திறந்து தண்ணீர் சேர்த்து மிக்ஸியில் அடித்துத்தான் கூழை மறுபடி உண்டாக்குவோம். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அப்படித்தான். மிக்ஸி ஜாரைக் குழாயடியில் பிடித்தேன். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது, காதில் உன் ரேவதியின் குரலும் கேட்கிறது. கரிக்குது. கையில் கொஞ்சம் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சரி, வாயை நம்பினால்தானே, அளந்து பார்ப்போம் என்று தோன்றியது. உப்பை அளக்கிற சோதனை கல்லூரியிலேயே செய்தது. குழாய்த் தண்ணீரில் மஞ்சள் சாயம் விட்டு, வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதிலுள்ள உப்பு முழுவதும் தீர்ந்ததும் மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் வரும். விட்டேன். விட்டேன். விட்டுக்கொண்டே இருந்தேன். வெள்ளி நைட்ரேட் இருந்த கண்ணாடிக் குழாய் காலியாகிவிட்டது, மறுபடி நிரப்பினேன். மஞ்சள் மஞ்சளாகவே நிற்கிறது. தண்ணீரில் அவ்வளவு உப்பு.

கடல் பக்கத்தில் இருக்கிறது, பழவேற்காடு ஏரி இருக்கிறது, நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் பாட்டிலைக் குலுக்கும் கைக்கு அது தோன்றவே இல்லை. அஸ்ஸாமுக்குப் போன் போட்டு அங்கே எண்ணெயோடு வருகிற தண்ணீர் எப்படி என்று கேட்டேன். உப்பு மிகவும் குறைவு என்றார்கள். அதற்கு முன்னால் நாங்கள் மருந்து கொடுத்த கிணறுகளிலெல்லாம் உப்புத் தண்ணீர், அதனால் எங்கள் குழாயின் குட்டு உடையவே இல்லை. பாய்லருக்காக லாரியில் வாங்கும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கூழ் அடித்து, முந்திரி மருந்தை விட்டேன். அஸ்ஸாமில் நின்றது போலவே அசையாமல் நின்றது. மருந்தின் மேல் தப்பில்லை. நம் ஊர் உப்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை அந்த ஊர்த் தண்ணீருக்குப் போட்டிருக்கிறோம். நல்ல தண்ணீருக்கு அந்த வால் நீளம் அதிகம், குட்டையாக்க வேண்டும், அவ்வளவுதான். முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு தெலுங்கில் என்னென்னவோ சொன்னார். தெலுங்கு திரும்பி வந்ததே என்று எனக்கு உயிர் வந்தது.

ஆனால் அதற்குப் பிறகு எனக்கு அன்று மருந்து நினைவே இல்லை. என் கல்யாண நினைவுதான். நான் ஊத்துக்கோட்டையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவள். எங்கள் ஊர்த் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். வந்த முதல் நாள் இங்கே சோற்றை வாயில் வைத்ததும் என்னால் விழுங்க முடியவில்லை. "தண்ணி உப்பா இருக்குதே" என்று நானும் சொன்னேன். என் வாயால் சொன்னேன்! வீட்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். "பழகிடும் பழகிடும்" என்றார்கள். கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு பழகிவிட்டது. பழகியதோடு நிற்கவில்லை, அப்படி ஒரு நாள் நான் சொன்னேன் என்பதே மறந்துபோய்விட்டது. தண்ணீர் மாறவே இல்லை, என் நாக்குத்தான் மாறியிருக்கிறது. இன்னும் என்னென்னவெல்லாம் இப்படிப் பழகித் தெரியாமல் போயிருக்கும் என்று நினைத்தேன். உன் அத்தை என்னைப் பேசிய பேச்செல்லாம்கூட இப்போது உறைப்பதில்லை. ஒரு காலத்தில் உறைத்தது.

அன்று லேட் ஆகிவிட்டது, ஓவர்டைம் என்று சொன்னேனே, பொய். நான் மீஞ்சூரில் இறங்கவே இல்லை. நேராகப் பேசின் பிரிட்ஜ் போய், திருவள்ளூர் வண்டி பிடித்து, செவ்வாப்பேட்டையில் இறங்கி, ஒரு சீப்பு வாழைப்பழமும் கொஞ்சம் பூவும் வாங்கிக்கொண்டு ரேவதி வீட்டுக் கதவைத் தட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்து நின்றால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது? அவள்தான் கதவைத் திறந்தாள், நைட்டியோடு, தலையில் எண்ணெய் வழிய. ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டு உள்ளே ஓடப் பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ சொன்னது நெஜம்மா. எங்க காபில உப்பு இருந்துச்சு. அளந்து பாத்துட்டேன்" என்றேன்.

"ஐயோ, அளந்தீங்களா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் வாசலிலேயே நின்று சிரித்தோம். அவள் அப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

எனக்குக் காபி கொண்டுவந்தாள். அவர்கள் வீட்டுத் தண்ணீர், நல்ல தண்ணீர். குடித்தேன். உண்மையைச் சொன்னால் சப்பென்று இருந்தது. அதைச் சொன்னேன், அவளுக்கு மறுபடியும் சிரிப்பு. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. கேட்டேன்: "கரிக்குதுன்னு சொன்னியே, அப்புறம் ஏன் மீதியும் குடிச்ச? உங்க அப்பா அம்மாவே குடிக்கலியே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நாளைக்கு நான் அங்க வந்து குடிக்க வேண்டிய தண்ணிதானே அத்தை?"

ஆன்ட்டி போய் அத்தை வந்துவிட்டது, அதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். பூவை என் கையாலேயே அவள் தலையில் வைத்துவிட்டு, தேதி பாருங்கள் என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உன் அத்தைக்குப் போன் போட்டு, ஜாதகம் பிரமாதமாகப் பொருந்துகிறது என்றேன். நான் வந்துபோனதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று ரேவதி வீட்டாரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ரேவதி இத்தனை நாள் உன்னோடு போனில் மணிக்கணக்கில் பேசியும் சொல்லவில்லை பார், வாயை மூட வேண்டிய இடத்தில் மூடவும் தெரிந்த பெண்தான்.

வாலைக் குட்டையாக்கிய மருந்து போன மாதம் அஸ்ஸாம் போனது. அங்கே தண்ணீர் பிரிந்து இறங்குகிறதாம். இப்போதைக்கு ஒரே ஒரு கிணறுதான், அது போதும். இனி லேபில் குழாயைத் திறப்பதற்கு முன்னால் அந்தந்த ஊர்த் தண்ணீர் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் மிக்ஸியைத் தொடுகிறோம்.

உனக்கு நான் சொல்ல வந்தது இதுதான். ரேவதிக்கும் பழகிவிடும். உப்பும் பழகும், நம் சத்தமும் பழகும், நீ ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதும் பழகும். பழகிய பிறகு அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லாததை வைத்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே, உன் அப்பா அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவள் நாக்கு நம் நாக்கு மாதிரி ஆவதற்குள், அவள் சொல்வதையெல்லாம் கேட்டுவிடு. அவள் கரிக்கிறது என்றால் கரிக்கிறதுதான். உனக்குத் தெரியவில்லையென்றால், "எனக்குத் தெரியல, உனக்குத் தெரியுது" என்று சொல். நான் சொன்னேனே, நல்லாத்தான் இருக்கு என்று, அதை மட்டும் சொல்லாதே. என்னிடம் சொல்ல அவள் தயங்கினால் நீ சொல். எனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். உனக்குத் தெரியாத கோபமா?

பாட்டில்களை எடுக்க நேரமாகிவிட்டது. கோடு அழகாக விழுந்திருக்கிறது, நீ பார்க்க வேண்டும். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குச் செவ்வாப்பேட்டை போவாய், அங்கே காபி கொடுப்பார்கள். மீஞ்சூரில் வளர்ந்த நாக்குக்கு அது சப்பென்றுதான் இருக்கும். தாராளமாகச் சொல், அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லிவிட்டு, அவள் நம் வீட்டில் குடித்தாளே, அது மாதிரி நீயும் மீதியைக் குடித்துவிடு.

அம்மா